வெங்காயச் சருகிலிருந்து கெட்டிச் சாயம்: வீட்டில் துணிக்குச் சாயம் போடத் தொடங்குவோருக்கு

சிங்கப்பூரின் தேக்கா ஈரச்சந்தைக்குக் காலையில் போனால் வெங்காயக் கடையில் சாக்கைப் பிரித்துக் கொட்டிக்கொண்டிருப்பார்கள். சருகு தரையெல்லாம் கிடக்கும். "அண்ணே, இந்தச் சருகு கொஞ்சம் கிடைக்குமா? துணிக்குச் சாயம் போடணும்" என்று கேட்டால் முதல் தடவை ஒரு மாதிரி பார்ப்பார்கள். இரண்டாம் தடவை போகும்போது பையில் அள்ளி எடுத்து வைத்திருப்பார்கள். அந்த ஒரு பைச் சருகைக் கொண்டு, துவைத்தாலும் நிற்கிற நிறத்தை ஒரு பருத்தித் துணியில் எப்படிக் கொண்டுவருவது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மற்றச் சாயங்களைப் பற்றியும் சொல்வேன். ஆனால் முதல் தடவைக்கு வெங்காயச் சருகே போதும். காசு செலவில்லை, விஷமில்லை, தவறினாலும் நட்டமில்லை.

நான் தொடங்கியது சங்குப்பூவில். எங்கள் புளோக்கின் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் ஓர் அம்மா வளர்க்கும் கொடி அது. கேட்டதும் இரண்டு கை நிறையப் பறித்துக் கொடுத்தார். வெந்நீரில் போட்டதும் கண்ணைப் பறிக்கும் நீலம் இறங்கியது. வெள்ளைத் துண்டை அதில் முக்கி எடுத்துக் கொடியில் போட்டேன். முதல் துவையலில் பாதி போயிற்று. ஒரு வாரத்தில் சாம்பல் கறைதான் மிஞ்சியது. சங்குப்பூ நீலம் சோற்றுக்கும் பலகாரத்துக்கும் ஏற்றது, துணியில் நிற்காது. பீட்ரூட், செம்பருத்தி எல்லாமே அப்படித்தான். தண்ணீரில் நிறம் இறங்குகிறது என்பதற்காக அது துணியைப் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்துவிடக் கூடாது.

உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்கும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். பருத்தியில் தாவரச் சாயத்தை அவை பிடித்து வைப்பதில்லை. பிடித்து வைப்பது இரண்டு பொருள்: கடுக்காயில் இருக்கும் துவர்ப்பு, அப்புறம் படிகாரம். பருத்தி இழை தாவரச் சாயத்தோடு நேரடியாக ஒட்டாது. துவர்ப்பு இழையில் ஏறிக்கொள்ளும். படிகாரத்தில் உள்ள அலுமினியம் துவர்ப்போடு சேரும். சாயம் அலுமினியத்தோடு சேரும். இப்படிப் படிப்படியாக ஏறுவதுதான் கெட்டிச் சாயம். சாயப் பானையில் செலவழிக்கும் நேரத்தைவிட, துணியைத் தயார் செய்ய இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்கள். எனக்கு இது புரிய மூன்று துண்டுகள் வீணாயின.

நம்மவர்களுக்கு இது புதிதும் அல்ல. சோழமண்டலக் கரையில் சாயவேரைக் கொண்டு சிவப்பு ஏற்றியவர்கள் கடுக்காயையும் படிகாரத்தையும் வைத்துத்தான் அதைச் செய்தார்கள். அங்கிருந்து கப்பலேறிய துணிகள் இந்தத் தீவுகளில் மிளகுக்கும் கிராம்புக்கும் மாற்றாக விலைபோயின. எம்பிரஸ் பிளேசில் இருக்கும் ஆசிய நாகரிக அரும்பொருளகத்தின் சேகரிப்பில் அப்படி வந்த இந்தியத் துணிகள் உண்டு. காட்சிக்கு வைத்திருக்கும் நாளாகப் பார்த்து ஒரு தடவை போய் அந்தச் சிவப்பின் முன்னால் நின்று பாருங்கள். நூறாண்டுகள் கடந்தும் அது அப்படியே இருக்கிறது.

துணி

முதலில் பருத்திதானா என்று உறுதி செய்யுங்கள். ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி, கழுவுதொட்டியின் மேல் பிடித்துத் தீக்குச்சியால் கொளுத்துங்கள். காகிதம் எரிகிற வாசமும் உதிர்ந்துபோகும் சாம்பலும் வந்தால் பருத்தி. உருகிச் சின்ன மணி போலத் திரண்டால் பாலியெஸ்டர் கலந்திருக்கிறது. அதில் இந்த முறை எடுபடாது. பழைய வெள்ளை வேட்டி மிக நல்லது. பலமுறை துவைத்த துணியில் கஞ்சியும் மெழுகும் போயிருக்கும். புதுக் கோராத் துணி என்றால் கூடுதலாக வேக வைக்க வேண்டும்.

காய்ந்த துணியை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இனி எல்லா அளவும் துணியின் எடையை வைத்துத்தான். நான் 100 கிராம் துணிக்குச் சொல்கிறேன். உங்களுடையது 250 கிராம் என்றால் இரண்டரை மடங்காக்கிக்கொள்ளுங்கள். கண்ணளவு, கையளவு எல்லாம் பழகிய பிறகு.

வாங்க வேண்டியவை

சிராங்கூன் சாலையைச் சுற்றியுள்ள மளிகைக் கடைகளிலும் நாட்டு மருந்து விற்கும் கடைகளிலும் கடுக்காய்ப் பொடி, மாசிக்காய், மஞ்சிட்டி எல்லாம் கேட்டுப் பாருங்கள். படிகாரம் கட்டியாகக் கிடைக்கும். திருஷ்டிக்கு வாசலில் கறுப்புக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவோமே, அதேதான். வீட்டுக்கு வந்து இடித்துக்கொள்ளலாம். இடிக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள், தூசி தொண்டையை அறுக்கும். சலவைச் சோடா கிடைக்கவில்லை என்றால் ஆப்பச் சோடாவை ஒரு தட்டில் பரப்பி, 200 டிகிரி ஓவன் அடுப்பில் ஒரு மணி நேரம் வைத்து எடுங்கள், சலவைச் சோடாவாக மாறிவிடும்.

பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும், 6 லிட்டராவது கொள்ள வேண்டும். அலுமினியப் பாத்திரமும் இரும்புச் சட்டியும் வேண்டாம், இரண்டுமே நிறத்தை மாற்றிவிடும். சாயத்துக்கு எடுத்த பாத்திரத்தையும் கரண்டியையும் திரும்பச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய பொருள் கடையில் ஒரு பாத்திரம் வாங்கி, கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டி வைத்துவிடுங்கள். வீட்டில் வேறு யாரும் தெரியாமல் எடுத்துச் சாம்பார் வைத்துவிட மாட்டார்கள்.

முதல் நாள்: வெளுப்பதும் கடுக்காயும்

பாத்திரத்தில் 4 லிட்டர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா, இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். துணியைப் போட்டு ஒரு மணி நேரம் மெல்லக் கொதிக்க விடுங்கள். சுத்தமாகத் தெரிந்த துணியிலிருந்து தேநீர் நிறத்தில் அழுக்கு இறங்கும். கோராத் துணியில் இன்னும் அதிகம். தண்ணீர் மிகவும் கலங்கினால் மாற்றி இன்னொரு முறை வேக வையுங்கள். பிறகு நன்றாக அலசுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீரைத் துணியின் மேல் விட்டால் உடனே உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். முத்தாக நின்றால் இன்னும் எண்ணெய்ப் பசை இருக்கிறது. பலரும் இந்த வேலையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சாயம் திட்டுத் திட்டாக வருவதற்கு முதல் காரணம் இதுதான். பட்டு என்றால் சோடாவும் கொதியும் கூடாது, மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் போதும். பட்டுக்குக் கடுக்காய்கூடத் தேவையில்லை, நேரே படிகாரத்துக்குப் போகலாம்.

அடுத்து கடுக்காய். 100 கிராம் துணிக்கு 15 முதல் 20 கிராம் பொடி. கொஞ்சம் வெந்நீரில் கூழாகக் கரைத்து, கட்டியில்லாமல் வாளி வெந்நீரில் கலந்து, ஈரத் துணியை அதில் அமிழ்த்துங்கள். முதல் அரை மணி நேரம் அவ்வப்போது புரட்டிக் கொடுங்கள், மடிப்புக்குள்ளும் போக வேண்டும். இரண்டு மணி நேரம் போதும் என்றாலும் நான் இரவு முழுக்க விடுவேன். காலையில் பிழிந்து, ஒட்டியிருக்கும் பொடியை உதறுங்கள். அழுத்தி அலச வேண்டாம். துணி இப்போது வெண்ணெய் நிறத்தில் இருக்கும். வெங்காயம், செண்டுமல்லி போன்ற மஞ்சள் சாயங்களுக்கு அது நல்லதுதான். வெளிர்நிறம் ஏதாவது வேண்டும் என்றால் கடுக்காய்க்குப் பதில் மாசிக்காய். குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் அதே மாசிக்காய் துணியில் அவ்வளவாக நிறம் விடாது. துவர்ப்பு மட்டும் ஏறும்.

கடுக்காய் ஊறும் வாளியை மூடி வையுங்கள். பிற்பாடு மரப்பட்டை, பழத்தோல் என்று நாள் கணக்கில் ஊறவைக்கத் தொடங்குவீர்கள். அப்போது இது இன்னும் முக்கியம். ஏடிஸ் கொசு ஒரு வாரத்துக்குள் முட்டையிலிருந்து கொசுவாகிவிடும். திறந்த வாளியில் புழு கண்டுபிடிக்கப்பட்டால் அபராதம் வரும் என்பது இருக்கட்டும், டெங்கி நம் வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்து வீட்டுப் பெரியவர்களையும்தான் முதலில் பிடிக்கும்.

இரண்டாம் நாள்: படிகாரமும் சாயமும்

15 கிராம் படிகாரத்தை வெந்நீரில் முழுக்கக் கரையுங்கள். இன்னொரு கிண்ணத்தில் 2 கிராம் சலவைச் சோடாவைக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கும், அதனால் பாத்திரத்தில் மேலே இடம் விடுங்கள். நுரை அடங்கியதும் 4 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர் சேர்த்து, கடுக்காய் ஏறிய துணியைப் போட்டு, இரண்டு மணி நேரமாவது விடுங்கள். பிழிந்து இலேசாக அலசுங்கள். இதோடு துணி தயார். இந்த நிலையில் காயவைத்து மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளவும் முடியும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது வசதி. ஒரு சனிக்கிழமை நாலைந்து துண்டைத் தயார் செய்து அடுக்கிவிட்டால், பிறகு சாயம் கிடைக்கும்போது கிடைக்கும்போது போடலாம்.

இப்போது சருகு. 100 கிராம் துணிக்கு 50 கிராம் காய்ந்த சருகே நல்ல நிறம் தரும், 100 கிராம் போட்டால் ஆழமாக வரும். 50 கிராம் என்பது கேட்க எளிது. சருகு இலேசு, ஒரு பெரிய பை நிறைய வேண்டும். தண்ணீரில் போட்டு முக்கால் மணி நேரம் கொதிக்க வையுங்கள். சன்னலைத் திறந்து வைத்து, புகைபோக்கி இருந்தால் போடுங்கள், வாசம் வீட்டைச் சுற்றும். வடிகட்டிச் சருகை எடுத்துவிட்டு, ஈரத் துணியை உள்ளே விடுங்கள். காய்ந்த துணியைப் போட்டால் திட்டு விழும். கொதிக்க விடாமல், ஓரத்தில் சின்னக் குமிழ் வரும் சூட்டிலேயே ஒரு மணி நேரம் வைத்து, முதல் இருபது நிமிடம் விடாமல் புரட்டுங்கள். அடுப்பை அணைத்த பிறகும் அதிலேயே இரவு முழுக்கக் கிடக்கட்டும்.

காலையில் எடுத்தால், பெரிய வெங்காயச் சருகு பழைய பொன் நிறத்திலிருந்து செம்மஞ்சள் வரைக்கும் கொடுத்திருக்கும். ஈரத்தில் தெரியும் நிறத்தைவிடக் காய்ந்த பின் ஒரு படி வெளிறும். மூங்கில் கழியில் குத்தி வெயிலில் நீட்டாமல் உள்ளே நிழலில் காயப்போடுங்கள். ஒரு வாரம் அப்படியே விட்டு, பிறகுதான் துவைக்க வேண்டும். காரம் இல்லாத மென்மையான சோப்பாக இருக்கட்டும். முதல் அலசலில் கொஞ்சம் நிறம் போகும். ஒட்டாமல் மேலே நின்ற சாயம் அது, பயப்பட வேண்டாம்.

அதே துணியைப் பாசி நிறமாக்க வேண்டுமா? நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி கேளுங்கள், இரும்பு உப்பு அது. 100 கிராம் துணிக்கு 1 முதல் 2 கிராம், வெதுவெதுப்பான நீரில். ஐந்து நிமிடத்தில் பொன் மங்கிப் பாசியாகும். கடுக்காய் மட்டும் ஏறிய துணியை இதில் போட்டால் அடர்ந்த சாம்பலும் கறுப்பும் வரும். பழைய கடுக்காய் மை எழுதியதும் இந்தச் சேர்க்கையால்தான். அளவு கூடினால் இரும்பு இழையை அரித்துவிடும், சில வருடத்தில் துணி கிழிந்து உதிரும். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அன்னபேதி கிடைக்காதவர்கள் துருப்பிடித்த ஆணிகளை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்த பாட்டிலில் இரண்டு வாரம் ஊறவைக்கலாம். மூடியை இறுக்க வேண்டாம், உள்ளே வாயு சேரும்.

அடுத்தடுத்த சாயங்கள்

மஞ்சளைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். மஞ்சள் தூளுக்குக் கடுக்காயும் வேண்டாம், படிகாரமும் வேண்டாம். நேரே துணியில் ஏறிவிடும். ஆனால் வெயில் பட்டால் நிற்காது. தாலிக் கயிற்றில் மஞ்சள் மங்க மங்க நம் பெண்கள் திரும்பப் பூசுவது இதனால்தான். இன்னொன்று, சோப்பில் போட்டால் சிவந்துவிடும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகிறதோ அதேதான் வாளியிலும் நடக்கிறது. சடங்குத் துணிக்கு மஞ்சள் அழகு. நாள்தோறும் உடுத்துவதற்கு வேறு மஞ்சளைத் தேடுங்கள்.

அந்த வேறு மஞ்சள் செண்டுமல்லி. கேம்பல் லேன், பஃபலோ சாலை பூக்கடைகளில் மாலை கட்டி மிஞ்சிய பூவைக் கேட்கலாம். புதிய பூ என்றால் துணியின் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு வேண்டும், காய்ந்தது என்றால் எடைக்கு எடை. சாமிக்குச் சாத்திய மாலையைச் சாயத்துக்கு எடுக்கலாமா என்பதில் வீட்டுக்கு வீடு எண்ணம் வேறுபடும். நான் கோயிலில் கேட்டுவிட்டே எடுப்பேன். கொதித்த பூவைக் குப்பையில் போடாமல் செடித் தொட்டியில் புதைப்பேன். மாலையைப் பிரிக்கும்போது அரளியை ஒரு பூ விடாமல் பொறுக்கி எடுத்துவிடுங்கள். அரளி நஞ்சு, கொதிக்க வைத்து அந்த ஆவியைச் சுவாசிக்கவே கூடாது.

சிவப்புக்கு மஞ்சிட்டி. எடைக்கு எடை வேர்ப்பொடி, மெல்லிய துணியில் தளர்வாக முடிந்து போடுங்கள், இல்லாவிட்டால் பொடி துணியெல்லாம் ஒட்டும். கொதிக்க விடாமல் 70 டிகிரிக்குள் மெதுவாகச் சூடேற்றினால் செங்கல் சிவப்பு வரும். அவசரப்பட்டுக் கொதிக்கவிட்டால் பழுப்புப் பக்கம் சாய்ந்துவிடும். என் கையில் இதுவரை வந்தவற்றில் வெயிலை நன்றாகத் தாங்குவது இதுதான். மலையாளிகள் குடிதண்ணீரில் போடும் பதிமுகம் இதைவிடக் கவர்ச்சியான சிவப்பைத் தரும். ஆனால் வெயிலில் அது வெளுக்கும், அதை நம்பி ஒரு சேலையை முக்காதீர்கள்.

பழுப்பு நிறத்துக்கு இந்த ஊருக்கே ஒரு கதை இருக்கிறது. ஆங்கிலேயர் 1819இல் வருவதற்கு முன்பே இங்கே சீனர்கள் கம்பீர் தோட்டம் போட்டிருந்தார்கள். கம்பீர் செடியின் இலையைக் கொதிக்க வைத்துச் சுண்டினால் கிடைக்கும் கட்டி வெற்றிலையோடு மெல்லவும், தோல் பதப்படுத்தவும், துணிக்குச் சாயமிடவும் பயன்பட்டது. சுவா சூ காங், லிம் சூ காங் என்று எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் கேட்கிறோமே, அந்த 'சூ காங்' ஆற்றோரமாகக் கம்பீரும் மிளகும் பயிரிட்ட குடியிருப்புகளின் பெயர். இன்று கம்பீர் தேடி அலைய வேண்டாம். வெற்றிலைப் பொருள்களோடு விற்கும் காசுக்கட்டியே அதன் வேலையைச் செய்யும். 100 கிராம் துணிக்கு 20 முதல் 30 கிராம் போட்டால் மண்ணின் பழுப்பு வரும், அதுவும் கெட்டியாக நிற்கும். காசுக்கட்டியிலேயே துவர்ப்பு இருப்பதால் கடுக்காய் இல்லாமலும் ஏறும்.

மங்குஸ்தான் தோல், ரம்புத்தான் தோல், மாதுளைத் தோல் மூன்றும் துவர்ப்பு நிறைந்தவை. டுரியான் காலத்தில் பழக்கடையில் நின்று சாப்பிடுகிறவர்கள் விட்டுப்போகும் மங்குஸ்தான் தோலை ஒரு பையில் கட்டிக்கொண்டு வரலாம். மாவிலையும் கொய்யா இலையும் மஞ்சளும் காக்கியும் தரும். பொங்கலுக்கு வாங்கிய மாவிலைத் தோரணம் காய்ந்ததும் எறியாதீர்கள்.

சாலையோரம் எங்கும் நிற்கும் கெட்டாப்பாங் (நாட்டு வாதுமை) மரத்தின் சிவந்த இலை உதிர்ந்து கிடப்பதைப் பார்த்தால் கை தானாகப் போகும். பூங்காக்களிலும் இயற்கை வனக் காப்பகங்களிலும் அனுமதியில்லாமல் செடிகொடிகளைப் பறிப்பதும் சேகரிப்பதும் சட்டப்படி குற்றம். வண்ணமீன் கடைகளில் காய்ந்த கெட்டாப்பாங் இலையைக் கட்டாக விற்கிறார்கள், அதை வாங்குங்கள். இல்லையென்றால் சமூகத் தோட்டத்தில் வளர்ப்பவர்களிடம் கேளுங்கள், யாரும் மறுப்பதில்லை.

நீலம் மட்டும் வேறு வழி. அவுரிக்குப் படிகாரம் கிடையாது. சுண்ணாம்பும் சர்க்கரையும் சேர்த்துத் தொட்டியை நொதிபோல் பக்குவப்படுத்தி, துணியை முக்கிக் காற்றில் காட்டிக் காட்டி எடுக்க வேண்டும். முடிக்கு என்று மளிகைக் கடையில் விற்கும் பச்சை அவுரிப் பொடி வெறும் இலைப்பொடி, அதை வைத்து அந்தத் தொட்டி போட முடியாது. இலையிலிருந்து பிரித்தெடுத்த நீலக் கட்டி வேண்டும். வெங்காயம், மஞ்சிட்டி இரண்டிலும் கை பழகிய பிறகு அதற்குப் போங்கள்.

நின்றதா என்று பார்ப்பது

ஒவ்வொரு முறையும் சாயம் போட்ட துணியிலிருந்து விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, பாதியைத் தடித்த அட்டையால் மூடி, வெயில் விழும் சன்னலில் ஒட்டுங்கள். தேதி, துணியின் எடை, கடுக்காய், படிகாரம், சாயத்தின் அளவு எல்லாவற்றையும் அட்டையிலேயே எழுதுங்கள். மூன்று வாரம் கழித்து அட்டையை எடுத்தால் மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் உள்ள வித்தியாசம் அந்தச் சாயத்தைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடும். நம் ஊர் வெயிலில் மூன்று வாரம் தாங்கியதை நம்பிப் பிறருக்குக் கொடுக்கலாம். தாங்காததைத் தலையணை உறையாக்குங்கள்.

என் சமையலறைச் சன்னலில் இப்போது ஐந்து துண்டுகள் ஒட்டியிருக்கின்றன. பதிமுகம் ஏற்கெனவே வெளிறிவிட்டது. வெங்காயம் கொஞ்சம் மங்கியிருக்கிறது. மஞ்சிட்டியிலும் காசுக்கட்டியிலும் கோடு இன்னும் தெரியவில்லை. ரம்புத்தான் தோலுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது.